ஓரிரு இடங்களில் மழை

வானிலை நிலையத்தில் முன்னறிவிப்பு எழுதுவது அக்காவின் வேலை. தெருக்களைத் தோண்டி கழிவுநீர்க் குழாய் பதிக்கிற காண்டிராக்டர் தம்பி. ஒருத்தி நாள் முழுக்க மேலே பார்க்கிறாள், ஒருத்தன் நாள் முழுக்கக் கீழே பார்க்கிறான், எனக்கு என்று பிறந்தது இரண்டும் நேராகப் பார்க்காது என்று அவர்களுடைய அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

தம்பிக்கு அக்கா மேல் அபார நம்பிக்கை. வேலைக்கு ஆட்களை இறக்குவதற்கு முன் தினமும் காலையில் அவளுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு எப்படிக்கா?" என்று கேட்பான். ஆரம்ப காலத்தில் அவள் முறையாகத்தான் பதில் சொன்னாள். முப்பது சதவீதம், அறுபது சதவீதம் என்பாள். அலுவலகத்திலும் அவளுக்கு 'சதவீதம் மேடம்' என்றுதான் பெயர். மதியச் சாப்பாட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்டால்கூட எழுபது என்று சொல்லக்கூடியவள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

தம்பிக்கு அந்தக் கணக்கு சரிப்பட்டு வரவில்லை. முப்பது சதவீதம் என்றால் வருமா வராதா, ஆளை இறக்கவா வேண்டாமா, அதைச் சொல்லு என்பான். ஒருநாள் அவள் முப்பது என்று சொல்லியிருக்க, மாலையில் அவன் தொப்பலாக நனைந்து வீட்டு வாசலில் வந்து நின்றான். "பாருக்கா, முப்பது சதவீதம்தான் நனைஞ்சிருக்கேனா?" என்றான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவளும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டாள். வாய்ப்பு ரொம்பக் கம்மியாக இருந்தால் "வராதுடா, போ" என்பாள். அதிகமாக இருந்தால் "வரும், பாத்துக்கோ" என்பாள். நடுவில் இருக்கிற நாட்களிலும், களைப்பில்லாத சில காலைகளிலும் எண்ணைச் சொல்வாள். பேச்சு அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். ராத்திரி வேலை முடித்துக் களைத்திருக்கும் காலைகளில் அது அவளுக்குச் சௌகரியமாகவே இருந்தது.

விபத்து நடந்த அன்று வானத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் பறக்கவிட்ட பலூன் மேலே கொஞ்சம் ஈரம் இருப்பதாகச் சொன்னது. மத்தியானத்துக்கு மேல் எங்காவது ஒரு மேகம் திரண்டு கொட்டலாம். எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. நகரத்தின் எந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கே மழை விழப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று கணித்து, அறிக்கையில் எல்லாரும் எழுதுகிற மாதிரியே 'ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்' என்று எழுதி அனுப்பினாள். பிறகு கைகழுவும் தொட்டிப் பக்கம் போய் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது தம்பியின் போன் வந்தது. பின்னால் கலவை இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது. அவன் வழக்கம்போலக் கேட்டான். அவள் ஏதோ பதில் சொன்னாள். அவன் சரி என்று வைத்துவிட்டான்.

அன்று தம்பியின் ஆட்கள் ஒரு குறுகலான தெருவில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். களிமண் பூமி. பள்ளம் ஆள் உயரத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஆழத்துக்கு இரண்டு பக்கச் சுவருக்கும் பலகை அடித்து, குறுக்கே முட்டுக் கொடுத்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். பலகைகள் இன்னொரு தெருவில் மாட்டிக்கொண்டிருந்தன. அங்கே வேலை முடிய இன்னும் ஒரு நாளாகும். காய்ந்த களிமண் கல் மாதிரி நிற்கும், மழை இல்லையென்றால் ஒரு நாள் தாங்கும் என்று தம்பி கணக்குப் போட்டான். முன்பும் அப்படிப் பல முறை தாங்கியிருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பகுதிக்கு மேல் மட்டும் மேகம் கறுத்தது. பக்கத்து வட்டாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே இங்கே அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. தெருத் தண்ணீரெல்லாம் பள்ளத்தை நோக்கி ஓடிவந்தது. கரையில் குவித்து வைத்திருந்த மண்ணும் நனைந்து கனத்தது. உள்ளே இருந்த இரண்டு பேரில் ஒருவர் ஏணியைப் பிடித்துவிட்டார். மற்றவர் கருவிகளை எடுத்துக் கொடுத்துவிட்டு ஏறலாம் என்று திரும்பியிருக்கிறார். அதற்குள் ஒரு பக்கச் சுவர் அப்படியே சரிந்து விழுந்தது. தம்பியும் குதித்து, நகம் பெயர்ந்து ரத்தம் வர மண்ணை அள்ளினான். ஆளை வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள் அவரை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பள்ளம் அவருடைய தலைக்கும் மேலே இருந்தது.

அக்கா ராத்திரி வேலை முடித்து வந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தம்பி போன் செய்தான். நடந்ததைச் சொன்னான். பிறகு, "வராதுன்னுதானேக்கா சொன்ன" என்றான்.

சண்டை போடுகிற குரல் இல்லை. அடிபட்ட பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான். ஆமாம் என்றும் அவளால் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. முதலில் நீ வீட்டுக்குப் போ, அம்மா பதறிக்கொண்டிருப்பாள் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவள் அலுவலகத்துக்குப் போய் முந்தின நாளின் மேகப் படங்களையெல்லாம் திரும்பப் போட்டுப் பார்த்தாள். தப்பு எதுவும் கண்ணில் படவில்லை. அவளுடைய மேலதிகாரி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவளைத் தேற்றுவதற்காக, நீ பத்து சொன்ன நாட்களையெல்லாம் எடுத்துப் பார்த்தால் பத்தில் ஒரு நாள் மழை பெய்துதான் இருக்கும், பெய்யாவிட்டால்தான் உன் கணக்கு தப்பு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் சொன்னது சரி. அவளே புதிதாக வருகிறவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுப்பாள். அந்த ஒரு நாள் யார் தலையில் விழும் என்பது அந்தப் பாடத்தில் வராது. அவள் திரையை அணைத்துவிட்டு எழுந்து போனாள்.

அவளைக் குடைந்தது மழைக் கணக்கு இல்லை. தம்பியிடம் என்ன சொன்னோம் என்பதுதான். பாட்டில் நிரம்பி வழிந்தது ஞாபகம் இருக்கிறது. கலவை இயந்திரத்தின் சத்தம் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு விதமாகக் கேட்கிறது. ஒன்றில் அவள் "பத்து சதவீதம்தான்டா" என்கிறாள். இன்னொன்றில் "வராதுடா, போ" என்கிறாள். இரண்டும் அவள் குரல்தான். இரண்டையும் எத்தனையோ காலைகளில் சொல்லியிருக்கிறாள்.

வேறு வழி தெரியாமல், மேகத்தைப் பார்க்கிற மாதிரியே தன் ஞாபகத்தையும் பார்க்க ஆரம்பித்தாள். வேலை முடிந்து களைத்திருக்கும் நேரத்தில் பெரும்பாலும் சுருக்கமாகத்தான் சொல்வாள். அன்று களைப்பு. அப்படிப் பார்த்தால் "வராது" என்று சொல்லியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தக் குரல் முதன்முதலில் காதில் கேட்டது தம்பி சாயங்காலம் அப்படிக் கேட்ட பிறகுதான். அவன் கேட்டதால் மனசு அதை உண்டாக்கிக்கொண்டதோ என்னவோ. எண்ணைச் சொன்னதாக வருகிற ஞாபகமோ இன்னும் தெளிவாக இருந்தது. அது அவளைக் காப்பாற்றுகிற ஞாபகம். அதனாலேயே அவளுக்கு அதன் மேல் சந்தேகம் வந்தது. நான்கில் மூன்று பங்கு "வராது" என்றுதான் சொல்லியிருப்போம் என்ற இடத்தில் வந்து நின்றாள். அதற்கு மேல் நகர முடியவில்லை.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு தம்பியும் அவன் மனைவியும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். தம்பி இளைத்திருந்தான். கை விரல்களில் இன்னும் கட்டு. அவன் மனைவிதான் முதலில் பேசினாள். வக்கீல் சொல்கிறார், வானிலை நிலையத்தில் இருக்கிற சொந்த அக்காவே மழை வராது என்று சொன்ன பிறகுதான் ஆளை இறக்கினார் என்றால், இவர் அலட்சியமாக இருந்ததாகச் சொல்ல முடியாதாம். அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள்.

"நான் பொய் சொல்லச் சொல்லலக்கா," என்றான் தம்பி. "நீ சொன்னதைச் சொல்லு. அவ்வளவுதான்."

"சொல்லியிருக்கலாம்டா."

"சொல்லியிருக்கலாமா? சொன்னியா, இல்லையா?"

அவள் உள்ளதைச் சொன்னாள். அனேகமாக அப்படித்தான் சொல்லியிருப்பேன், ஆனால் உறுதியாகத் தெரியவில்லை, எண்ணைச் சொல்லியிருக்கவும் வாய்ப்பிருக்கிறது என்றாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ரத்த சொந்தத்துல கூடவா அண்ணி சதவீதம்?" என்று கேட்டாள். இருவரும் சாப்பிடாமல் போய்விட்டார்கள்.

விசாரணை ஒரு பழைய அரசுக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. நீளமான வராந்தா, சுவரோரம் இரும்பு பெஞ்சுகள். அக்கா போய்ச் சேர்ந்தபோது ஒரு பெஞ்சில் நெட்டையின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடை தைக்கிற தையற்கூடத்தில் வேலை செய்பவள். அக்காவை யாரோ அடையாளம் காட்டியிருக்க வேண்டும். அவளே நகர்ந்து இடம் கொடுத்தாள். அக்கா உட்கார்ந்தாள். பிறகு அவள் கேட்டாள்.

"அன்னைக்கு மழை வரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வரலாம்னு தெரியும். வர்றதுக்கு வாய்ப்பு கம்மின்னும் தெரியும். பத்துல ஒண்ணு."

நெட்டையின் மனைவி அதை யோசித்துப் பார்த்தாள். "காலையில ரேடியோவுல சொன்னாங்க. ஓரிரு இடங்களில்னு. அது நீங்க எழுதினதா?"

"ஆமா."

"நாங்களும் கேட்டோம். அது தினமும் சொல்றதுதானேன்னு விட்டுட்டோம்."

அக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் மறுபடி பேசியபோது குரலில் கோபம் இல்லை. வீட்டுக்காரரைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

"அவரு சரியான பயந்தாங்கொள்ளி. லிஃப்ட்ல ஏற மாட்டாரு. எத்தனை மாடின்னாலும் படியிலதான் வருவாரு. பத்துல ஒண்ணுன்னு யாராவது அவருகிட்ட சொல்லியிருந்தா இறங்கியிருக்க மாட்டாரு. கூலி போனாலும் போகட்டும்னு வீட்டுக்கு வந்திருப்பாரு. அவருகிட்ட யாரும் சொல்லல."

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா எழுந்து நடந்தாள். இத்தனை நாளும் தன் வாயிலிருந்து என்ன வார்த்தை வந்தது, தம்பியின் காதில் என்ன விழுந்தது என்று அந்த இரண்டு பேருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தாள். பள்ளத்தில் இறங்கியது அவளும் இல்லை, தம்பியும் இல்லை, மூன்றாவதாக ஒருவர். அவருக்கென்று ஒரு பயம் இருந்தது. அதை வைத்து அவர் தனக்காக முடிவு செய்திருப்பார். அந்த எண் அவர் வரைக்கும் போகவே இல்லை. அவள் சொல்லியிருந்தாலும் தம்பியோடு நின்றிருக்கும். சொல்லாமல் இருந்திருந்தால் அவளோடேயே நின்றிருக்கும்.

விசாரணை அதிகாரி வயதானவர். நிதானமாகப் பேசினார். அன்று காலை உங்கள் தம்பியிடம் மழை வராது என்று சொன்னீர்களா என்று கேட்டார். எதிரே தம்பி உட்கார்ந்திருந்தான். அவள் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். அப்படிச் சொல்லியிருக்கவே வாய்ப்பு அதிகம், நூற்றில் எழுபத்தைந்து என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கான காரணங்கள் இவை, ஆனால் நிச்சயமாகத் தெரியாது என்றாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள் என்றார். அவளால் முடியவில்லை. கடைசியில் அவர் தட்டச்சு செய்பவரிடம் திரும்பி, 'ஞாபகம் இல்லை' என்று போட்டுக்கொள்ளச் சொன்னார். அது அவள் சொன்னது இல்லை. ஆனால் மறுத்துப் பேசத் தெம்பு இல்லை.

அவளை அனுப்புவதற்கு முன் அதிகாரி இன்னொன்றும் சொன்னார். "இதுல மழைக்கு வேலையே இல்லம்மா. மழை வந்தாலும் வராட்டியும் அந்த ஆழத்துக்குப் பலகை இருந்திருக்கணும். சட்டம் அப்படித்தான் சொல்லுது. உங்க தம்பி வானத்தைக் கேட்டிருக்கவே வேண்டியதில்லை."

ஆக, அவள் ஆமாம் என்றிருந்தாலும் இல்லை என்றிருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது. தம்பிக்கு உதவி ஒன்றும் ஆகியிருக்காது. அக்காவின் ஒரு வார்த்தை துணைக்கு நின்றதாக அவன் மட்டும் நினைத்துக்கொண்டிருந்திருப்பான். அந்த ஆதங்கத்தை அவன் அறையை விட்டு வெளியே வந்ததும் சொன்னான். மாடிப்படியில் இறங்கும்போது, அவளைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவை எனக்காக நிச்சயமா ஏதாவது சொல்லியிருக்கலாம்க்கா."

பிறகு வழக்கு கோர்ட்டுக்குப் போய், அவனுக்குச் சில மாதங்கள் சிறைத் தண்டனை கிடைத்தது. உரிமம் போயிற்று. அம்மாவை அக்கா தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். அவன் வெளியே வந்த பிறகு அம்மாவைப் பார்க்க வருவான். அக்கா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வருவான். சிறையிலிருந்து வந்த பிறகு அவன் ஒரு தரைக்கல் கிடங்கில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்ததையும், முன்பு மாதிரி ஜோக் அடிப்பதில்லை என்பதையும் அம்மாதான் சொன்னாள். உங்கள் இரண்டு பேரில் யார் சொல்வது நிஜம் என்று நான் கேட்கப்போவதில்லை, நான் இருக்கும்போதே பேசிவிடுங்கள் என்றும் சொன்னாள்.

அலுவலகத்தில் அக்கா ஒரு காரியம் செய்தாள். மழை வருமா என்று யார் போன் செய்து கேட்டாலும், பதில் சொல்வதற்கு முன் என்ன வேலைக்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தாள். பலருக்கு அது எரிச்சலாக இருந்தது. துணி காயப்போட வேண்டும், அதற்குக் கூடவா அம்மா விசாரணை என்று ஒருவர் கேட்டார். உயரத்தில் வேலை, பள்ளத்தில் வேலை, படகு என்று யாராவது சொன்னால் எண்ணைச் சொல்வாள். அதோடு, வேலை செய்கிறவர்களிடமும் இதே எண்ணைச் சொல்லிவிடுங்கள் என்பாள். சரி சரி என்று போனை வைப்பார்கள். சொன்னார்களா என்று அவளுக்குத் தெரியாது. எல்லாருமே இப்படிக் கேட்க வேண்டும் என்று மேலதிகாரி மூலமாக ஒரு யோசனை அனுப்பினாள். ஆள் பற்றாக்குறை என்று திரும்பி வந்தது.

நெட்டையின் மனைவியைப் பார்க்க ஒருமுறை தையற்கூடத்துக்குப் போனாள். இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அந்தப் பெண் தலை நிமிர்ந்து பார்த்து, லேசாகத் தலையசைத்து, மறுபடி துணியைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள். மன்னிப்புக் கேட்கப் போனாளா, தன் பக்கத்தைச் சொல்லப் போனாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை செய்த அன்றுதான் அக்காவும் தம்பியும் ஒரே இடத்தில் உட்கார வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒரே கம்பியில் வரிசையாகத் திருகாணி போட்டு மாட்டப்பட்டிருந்தன. ஒருவர் அசைந்தால் எல்லாருக்கும் ஆடும். அம்மாவின் மருந்து, சாப்பாடு, யார் எத்தனை நாள் கூட இருப்பது என்றெல்லாம் பேசினார்கள். பேச வேறொன்றும் இல்லாமல் போனபோது தம்பி திடீரென்று சொன்னான்.

"அக்கா, நீ அன்னைக்கு என்ன சொன்னேன்னு எனக்கும் இப்ப சரியாத் தெரியல. உள்ள இருந்தப்ப யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். வராதுன்னு சொன்ன மாதிரிதான் இருக்கு. ஆனா நீ எண்ணைச் சொல்லியிருந்தாலும் எனக்கு அது வராதுன்னுதான் கேட்டிருக்கும்."

இதைக் கேட்டதும் பாரம் இறங்கும் என்று யாரும் நினைப்பார்கள். அவளுக்கு அப்படி ஆகவில்லை. இத்தனை காலமும் தம்பி அடித்துச் சொன்னதையும் ஒரு சாட்சியாக வைத்துத்தான் அவள் கணக்கு நின்றுகொண்டிருந்தது. இப்போது அந்தச் சாட்சியும் போயிற்று. அந்தக் காலையில் அந்த அரை நிமிஷத்தில் என்ன பேசினார்கள் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நீ என்ன வேலை பண்ணப் போறேன்னு நான் கேக்கலடா," என்றாள் அவள். "அது மட்டும் நல்லாத் தெரியும்."

"கேட்டிருந்தா பள்ளம்னு சொல்லியிருப்பேன்."

"பலகை இருக்கான்னு கேட்டிருப்பேன்."

"இருக்குன்னு பொய் சொல்லியிருப்பேன்," என்றான் தம்பி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்லியிருப்பேனான்னு தெரியல," என்றான்.

நர்ஸ் வந்து அம்மாவைப் பார்க்கலாம் என்றாள். ஒருவர் மட்டும்தான் உள்ளே போகலாமாம். நீ போ என்று அக்கா சொன்னாள். அவன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனான். அவன் எழுந்ததில் ஆடிய நாற்காலி வரிசை கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது. அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் தன் முறைக்காகக் காத்திருந்தாள்.